அப்பாவின் பித்தளை டம்ளர்

அன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மா, மூன்று வயதுத் தங்கை, தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்த அப்பா, நான். சிலிபின் ஊரிலிருந்து வந்த மாமாவும் இருந்தார். ஆனால் எல்லோரும் பார்த்திருந்தாலும், யாராவது கேட்டால் அவர் வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

சுங்காய் ஊரைத் தாண்டி உள்ளே, ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், அப்போது குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்பதால், காதில் விழும் சொல்லுக்கெல்லாம் பொருள் எழுத ஒரு நோட்டு வைத்திருந்தேன்.

அந்த மாதம் மூன்று சொற்கள் சேர்ந்தன. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று லயமெல்லாம் திரிந்தது. யார் வீட்டுக் கீரையை மேய்ந்தாலும் அதை அடிக்க மாட்டார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலியைச் சரிசெய்வார். அப்பா விரதம். தங்கை காய்ச்சலில் பிழைத்ததற்கு வேண்டிக்கொண்டது. அவருக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனிப் பித்தளை டம்ளர். மூன்றாவது சொல் மாமாவுடையது. வேறு சாதியில் பெண் கட்டியதற்காகக் கோயில் கமிட்டி அவரைத் தள்ளி வைத்திருந்தது.

தள்ளி வைத்து இரண்டு வருஷம் கழித்து, பிழைத்த குழந்தையைப் பார்க்க ஒரு டின் பிஸ்கட்டோடு அவர் லயத்துக்குள் நடந்து வந்ததை நான் பார்த்தேன். குழாயடியில் பேச்சு நின்றது. பெண்கள் வாளிகளை ஒதுக்கிக்கொண்டார்கள். தோட்டத்துத் துரையின் கார் வரும்போதுகூட அப்படி ஓர் அமைதி விழுந்ததில்லை. 'மூன்று சொல்லுக்கும் ஒரே பொருள். பெரியவர்களை யாரும் தொடுவதில்லை' என்று நோட்டில் எழுதினேன்.

அதனால்தான், அம்மா என்னிடம் காப்பி கொண்டுவரச் சொன்னபோது, மாமாவின் தகுதிக்கு ஏற்ற பாத்திரத்தை நானே தேர்ந்தெடுத்தேன்.

மாமா வாங்கி இரண்டு மடக்குக் குடித்துவிட்டார். பிறகுதான் கையைப் பார்த்தார். "டேய், இது ஒங்கப்பா டம்ளர்லா."

சீனி கேட்க வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தார். சீனி வாங்காமலே போனார். சற்று நேரத்தில் கோயில் தலைவர் வந்தார். சாக்கடையைத் தாண்டாமல், அந்தப் பக்கமே நின்று அப்பாவிடம் பேசினார்.

"டம்ளர வீசிட்டு, மச்சான பஸ் ஏத்தி விடு. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்தா நீ தீ மிதிக்கலாம். ஒண்ணும் கெட்டுப் போகல."

அம்மா தங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாமா எழுந்துவிட்டார்.

"உக்காரு மச்சான்" என்றார் அப்பா. தலைவரைப் பார்த்து, "காப்பி ஆறிடும்லா, அண்ணே" என்று சொல்லிவிட்டு, மாமா கையிலிருந்த டம்ளரை வாங்கிப் பாதியைக் குடித்தார். மீதியை அவரிடமே கொடுத்தார்.

"அப்போ ஒன்னையும் சேத்துத்தான்" என்று தலைவர் போய்விட்டார்.

அந்த வாரம் எங்கள் வாசலுக்கு வந்தது கிடா மட்டும்தான். திருவிழா அன்று காலையில் அதை வெட்டினார்கள். நேர்ந்துவிட்டது என்பதன் மீதிப் பொருள் அப்போதுதான் தெரிந்தது. தீக்குழிப் புகையை அப்பா வீட்டு வாசலிலிருந்தே பார்த்தார். எனக்கு மட்டும் பெருமை குறையவில்லை. "எங்களையும் தள்ளி வச்சிட்டாங்க" என்று பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மற்றப் பிள்ளைகள் வாயடைத்து நின்றது பொறாமையில் என்று நினைத்தேன்.

பெற்றோர் ரப்பர் பால் வெட்டப் போகும்போது தங்கையை ஆயாக்கொட்டகையில்தான் விடுவார்கள். ஒருநாள் அவளை அழைத்துவரப் போனேன். மற்றக் குழந்தைகள் ஒரே பாயில் விளையாட, அவள் கதவோரம் ஒரு சாக்கில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தகரக் குவளை. மூன்று வயதிலேயே இவ்வளவு உயர்ந்துவிட்டாளே என்று ஒரு நிமிஷம் மலைத்து நின்றேன். பிறகு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, பாப்பாவுக்கும் தனி டம்ளர்."

பால்வாளி கழுவிக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தினார். சட்டை மாற்றக்கூட இல்லை. நேரே கோயில் தலைவர் வீட்டுக்கு நடந்தார். இத்தனை பெரிய மரியாதையை அவர் ஏன் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

எங்களை மறுபடி சேர்த்துக்கொள்ள ஐம்பத்தொரு வெள்ளி பணமும் அடுத்த திருவிழாவுக்கு ஒரு கிடாவும் கேட்டார்கள். மாமா இனி வரக்கூடாது என்றும் சொன்னார்கள். அப்பா மூன்றையும் கொடுத்தார்.