வணக்கத்தை நீக்கிய பிறகு

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். "ஏசி இருக்குதே, இன்னா குறை உனக்கு?" என்பார் மேனேஜர். கீழே பேஸ்டிங் பிரிவில் என் அக்கா நாள் முழுக்கத் தோலில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிறாள். அந்தப் பசையின் வாடை அவள் துணியோடு வீட்டுக்கு வரும். சாயங்காலம் பேரணாம்பட்டு போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் நெற்றியை முன்சீட்டுக் கம்பியில் வைத்துக்கொள்வாள். பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவாள். அவள் மேசைப் பெண்கள் எல்லாருக்கும் இதே தலைவலிதான். அவர்கள் கேட்டது ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.

கேட்பதற்கு ஒரு வழியும் வந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சொன்னதால், குறைகளை வாட்ஸ்அப்பில் அனுப்ப எல்லாருக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். வருவதையெல்லாம் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து, எந்தக் குறை எத்தனை பேருக்கு என்று எண்ணிச் சொல்வது என் வேலை. யார் அனுப்பியது என்று தெரியக்கூடாதாம். போன் நம்பர்களை அழித்துவிட்டுத்தான் என்னிடம் தருவார்கள்.

சுத்தம் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வரிக்கு முன்னும் பின்னும் இருக்கும் காலி இடத்தை வெட்டு. இரண்டு ஸ்பேஸ் இருந்தால் ஒன்றாக்கு. கும்பிடும் கை, ரோஜாப்பூ, புள்ளி, கமா எல்லாவற்றையும் தூக்கு. ஆனால் எங்கள் ஊர் ஆட்கள் வணக்கம் வைக்காமல் சண்டைகூடப் போட மாட்டார்கள். வணக்கம் சார், ஸ்தோத்திரம் சார், அஸ்ஸலாமு அலைக்கும் சார், தப்பா எடுத்துக்காதீங்க சார். இதையெல்லாம் விட்டுவைத்து எண்ணினால் கம்பெனியின் முதல் பிரச்சினை 'சார்' என்று ரிப்போர்ட் வரும். அதனால் ஒவ்வொரு மரியாதைச் சொல்லுக்கும் ஒரு ரிப்ளேஸ் போட்டு ஒன்றுமில்லாமல் ஆக்கினேன். கடைசிப் படி, அச்சாக ஒரே மாதிரி இருக்கும் வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவது. ஒரே ஆள் பல தடவை அனுப்பிக் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்று அந்த வெளிநாட்டுக்காரர்கள் போட்ட விதி.

ஓட்டிப் பார்த்தேன். கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பல பேர். பஸ்ஸைப் பற்றிப் பல பேர். எக்ஸாஸ்ட் ஃபேன்: ஒருவர்.

சுத்தம் செய்யாத ஃபைலைத் திறந்தேன். பக்கம் பக்கமாக இருந்தது. 'பேஸ்டிங்ல வாடை ஜாஸ்தி. தலை சுத்துது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக் குடுங்க.' ஒருத்தி டைப் செய்ததை மேசை மொத்தமும் வாங்கி அனுப்பியிருக்கிறது. தொடக்கத்தில் மட்டும் அவரவர் வணக்கம். ஒருத்தியிலிருந்து இன்னொருத்தியைப் பிரித்துக் காட்டியது அது ஒன்றுதான். அதைத் துடைத்ததும் அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

மேனேஜரிடம் போய், "சார், இது ஒரு ஆள் இல்ல. ஒரு மேசையே எழுதியிருக்கு" என்றேன்.

"நம்பர் இல்லாம எப்டிப்பா சொல்ற? ஒரே ஆளே பத்து வாட்டி அனுப்பிருக்கலாம். ரூல மாத்துனா ஆடிட்ல நான்தான் மாட்டுவேன். பேஜார் பண்ணாத, போ."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன். "அடுத்த வாட்டி ஒவ்வொருத்தரும் சொந்தமா எழுதுங்க. அப்பதான் கணக்குல வரும்."

"அறிவு இருக்குதாடா உனக்கு? சொந்தமா எழுதுனா யாருன்னு படிச்சதுமே கண்டுபுடிச்சிடுவாங்க. ஒரே மாதிரி இருந்தாதான் யாரையும் தனியா புடிக்க முடியாது."

சொல்லிவிட்டு நெற்றியை மறுபடியும் கம்பியில் வைத்துக்கொண்டாள். ஒரே மாதிரி எழுதினால் காணாமல் போகிறார்கள், வேறு மாதிரி எழுதினால் மாட்டிக்கொள்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து ஸ்பேஸ் வெட்டுவதற்கு எனக்குச் சம்பளம்.

அடுத்த மாதம் பேஸ்டிங்கில் அக்கா மயங்கி விழுந்தாள். கம்பெனி முழுக்கத் தெரியும். அந்த மாதம் வந்தவற்றில் அதே பழைய வரிகளுக்கு நடுவே புதிதாக ஒன்று இருந்தது. வணக்கம் இல்லை, சார் இல்லை. 'மயங்கி விழுந்தவ நான்தான். ஃபேன் எனக்கு மட்டும் இல்ல, எங்க மேசைக்கே வேணும்.'

அவளை மறைக்க வேண்டுமென்றால் அந்த வரியை மற்றவர்கள் வரி மாதிரியே மாற்ற வேண்டும். மாற்றினால் கடைசிப் படியில் அழிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டேன். எக்ஸாஸ்ட் ஃபேன்: இருவர்.

மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்கக்காதான? நல்ல பொண்ணு. வாடை இல்லாத எடத்துல போட்டுடலாம்." திட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே பெரிய ஜன்னல், நல்ல காற்று. அவள் ஸ்டூலில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். குறை தீர்ந்தது என்று ரிப்போர்ட்டில் போடச் சொன்னார், போட்டேன்.

தம்பி மேலே இருப்பதால் அவளுக்கு மட்டும் காரியம் நடந்துவிட்டது என்று அந்த மேசையில் பேச்சு. இப்போது பஸ்ஸில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறாள். சுற்றிலும் அவள் பழைய மேசைப் பெண்கள் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருத்தியும் அவளிடம் பேசுவதில்லை. அவள் என்னிடம் பேசுவதில்லை.