நனைக்காமல் வெட்டிய சிவப்புப் புடவை

ஒரு முறை தண்ணீரில் முக்கி எடுக்காத துணியை நான் நம்பியதில்லை. புது வேட்டி, புதுத் துண்டு, ஆண்டு விழாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மேசை விரிப்பு, எல்லாவற்றையும் முக்கியிருக்கிறேன். மேசை விரிப்பு பாதியாகச் சுருங்கிப்போனதற்குத் தலைமையாசிரியர் என்னைக் கோபித்துக்கொண்டார். நான் முக்கியிருக்காவிட்டால் அது விழா மேடையிலேயே மழையில் நனைந்து சுருங்கியிருக்கும் என்று சொன்னேன். கணக்கு வாத்தியாரான நான் சொன்னதால் மேற்கொண்டு யாரும் பேசவில்லை.

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, என் மனைவி முழுகாமல் இருந்தாள். அந்த ஏழு வருஷமும் என் அக்கா எங்கள் தெரு முனையில் இருந்த சின்ன அம்மன் கோயிலில் ஒரே வேண்டுதலைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்தால், தீட்டுக் கழிந்ததும் முதன்முதலில் அதை அம்மன் கட்டிய புடவையின் மேல்தான் படுக்க வைப்பேன் என்பது வேண்டுதல். என் மனைவிக்குத் தாய் இல்லை, ஆகவே பிரசவம் எங்கள் வீட்டிலேயே அக்காவின் பொறுப்பில் என்று முடிவானது. அக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். செய்தி தெரிந்த நாளிலிருந்து அவள் தன் வீட்டுக்குப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆடி முடிந்ததும் அந்தக் கோயிலில் அம்மனுக்குச் சாத்திய புடவைகளை ஏலம் விட்டார்கள். அக்கா ஒரு சிவப்புப் பருத்திப் புடவையை எடுத்துக்கொண்டு, அதைத் தலைமேல் வைத்தபடி வாசற்படி ஏறினாள். அவள் படி ஏறும்போதே நான் வாளியோடு வந்து நின்றேன்.

"இன்னாடா, வாளியத் தூக்கினு வர?"

"நனைக்கறதுக்கு."

"எத?"

"இதத்தான். சாயம் போவுதான்னு பாக்க வேணாமா?"

"அம்மா இடுப்புல இருந்த புடவைடா இது! குங்குமம் இருக்குது, மஞ்சா இருக்குது, சந்தனம் இருக்குது. அத்தனையும் கசக்கிச் சாக்கடையில ஊத்தப் போறியா?"

"சாக்கடையில ஊத்தமாட்டேன். செம்பருத்திச் செடிக்கு ஊத்தறேன்."

"செடிக்காடா ஏழு வருஷம் வேண்டிக்கினேன்?"

என் மனைவி நடுவில் வந்தாள். "அண்ணி, ஒரு மூலைய மட்டும் நனைச்சுப் பாக்கலாமா?"

"ஏம்மா, மூலையில மட்டும் சாமி இல்லியா?"

நான் வாளியை இருந்த இடத்தில் வைத்தேன்.

புடவையை அப்படியே மடித்துப் போட்டுக் குழந்தையைக் கிடத்துவது அக்காவின் யோசனை. என் மனைவிக்கு வேறு ஆசை இருந்தது. ஆற்காட்டுப் பக்கம் அவள் வளர்ந்த தெருவில், தையற்கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே பழைய வேட்டியை மடித்து வைத்து, மேலே நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு மெத்தை செய்வார்களாம். ஒட்டுமெத்தை என்று சொன்னாள். அம்மன் புடவையையும் அதில் சதுரங்களாகச் சேர்த்துவிடலாம் என்றதும் அக்காவும் இளகிவிட்டாள். புடவையை வெட்டலாமாம், ஆனால் நனைக்கக் கூடாதாம். கத்தரிக்கோல் மட்டும் சாமிக்கு எப்படி ஒத்துக்கொண்டது என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

வரிசைக்கு ஒன்பது, ஒன்பது வரிசை, ஆக எண்பத்தொன்று. சதுரம் ஒவ்வொன்றும் நாலு விரற்கடை. தையற்கடைத் துண்டுகள் ஐம்பத்தாறு, சிவப்பு இருபத்தைந்து. நான்தான் படம் போட்டுக் கொடுத்தேன். சிவப்பு எதுவும் குழந்தையின் தலைப்பக்கம் வராதபடி போட்டேன், ஏனென்றால் குழந்தைகள் கையில் கிடைப்பதை வாயில் வைக்கும்.

துண்டுகள் கீழ்வீட்டுத் தையற்காரர் கொடுத்தவை. இவை சாயம் போகுமா என்று அவரைக் கேட்டேன்.

"சார், சாயம் போவாத துணின்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. ஜாஸ்தி போவும், கம்மியா போவும், அவ்ளோதான். இந்தச் சட்டை வாங்கும்போது ஊதா."

நான் அவர் சட்டையைப் பார்த்தேன். அது எந்த நிறத்திலும் சேர்த்தி இல்லை. அன்றே முடிவு செய்துவிட்டேன். அம்மன் புடவையைத் தொட எனக்கு உரிமை இல்லை, சரி. இந்த ஐம்பத்தாறையும் துவைக்காமல் விடமாட்டேன்.

"வெட்டின துண்டுங்க அதெல்லாம். துவைச்சா ஓரம் பிரியும்" என்றாள் மனைவி.

"பிரிஞ்சாப் பிரியட்டும். சாயம் போனா?"

ஒரு மதியம் ஐம்பத்தாறையும் எண்ணி வாளியில் போட்டு, சவுக்காரம் கரைத்து, நன்றாக அலசினேன். தண்ணீர் கடைசி வரை தெளிவாகவே இருந்தது. ஒரு சொட்டுச் சாயம்கூடப் போகவில்லை. சந்தோஷமாகக் கையை விட்டுத் தூக்கினேன். ஐம்பத்தாறாக உள்ளே போனவை ஒன்றாக வெளியே வந்தன. ஓரத்து நூலெல்லாம் பிரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வேகவைத்து வடிகட்ட மறந்த சேமியா மாதிரி ஒரே உருண்டையாகத் தொங்கியது. அதை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து என் மனைவி சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை.

"இந்த நேரத்துல இப்படிச் சிரிக்கக் கூடாது, உட்காரு" என்றேன்.

"சிரிச்சா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுங்க. அந்த உருண்டைய கீழ வைங்க, உங்க மூஞ்சியப் பாத்தாதான் ஆவும்."

நூல்களைக் கத்தரித்துப் பிரித்து, மொட்டை மாடியில் ஓலைப்பாய் விரித்து, ஐம்பத்தாறையும் வரிசையாகப் பரப்பினேன். எல்லாவற்றையும் யோசித்த நான் காற்றை யோசிக்கவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி என்பதையும் யோசிக்கவில்லை. எங்கள் வீடு மலை சுற்றப் போகிறவர்கள் கடந்து போகும் தெருவில் இருந்தது. சாயங்காலம் கூட்டம் வர ஆரம்பித்த நேரம், மலைப்பக்கமிருந்து ஒரே ஒரு காற்று வந்தது. ஒன்றே போதுமாக இருந்தது.

மஞ்சள், பச்சை, பூப்போட்டது, கோடுபோட்டது எல்லாம் எழும்பி, மாடிச் சுவரைத் தாண்டி, ஜனங்களின் தலைமேல் மெதுவாக இறங்கின. நான் துண்டை இடுப்பில் கட்டியபடியே கீழே ஓடினேன். அதற்குள் ஓர் அம்மாள் பச்சைத் துண்டு ஒன்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். ஒருவர் கோடுபோட்டதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அது எங்க துணிங்க! மாடியில காயப்போட்டது!"

கட்டிக்கொண்டவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாமி குடுத்தத திருப்பிக் கேக்கறியே, நீ யாருப்பா?"

"நான் வாத்தியாருங்க."

"வாத்தியாரா இருந்தா இன்னா? கொஞ்சம் நில்லு, உனக்கும் ஒண்ணு விழும்."

உண்மையில் விழுந்தது. என் தோள்மேலேயே ஒரு பூப்போட்டது வந்து உட்கார்ந்தது. "பாத்தியா!" என்றார் அவர். நான் அதைப் பிரசாதம் மாதிரியே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். மாடிப்படியில் அக்காவும் மனைவியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மிஞ்சியவை முப்பத்தேழு. பத்தொன்பது துண்டுகள் மலை சுற்றப் போய்விட்டன. அவை யார் யார் வீட்டுப் பூஜையறையில் இருக்கின்றனவோ, இன்றைக்கும் எனக்கு அந்தக் கவலை உண்டு. மிஞ்சிய முப்பத்தேழும் ஓரம் பிரிந்து நாலு விரற்கடையிலிருந்து மூன்றரைக்கு வந்துவிட்டன. தையற்காரரிடம் வேறு துண்டு கேட்கலாம் என்றேன். அக்கா வேண்டாம் என்றாள்.

"அம்மாவே தனக்கு இடம் பிடிச்சிக்கினாடா. மிச்சத்துக்கும் அவ புடவையையே வெட்டு."

அப்படித்தான் சிவப்பு இருபத்தைந்திலிருந்து நாற்பத்துநாலு ஆனது. பாதிக்கு மேல். தலைப்பக்கமும் வந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீரும் காணாத சிவப்பு. அதற்குப் பிறகு மனைவி தையல் போடப் போட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரமில்லாத விரலால் சிவப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. ஈர விரலால் தேய்க்க அக்கா விடவில்லை. ஒரு தடவை விரலை நாக்கில் வைக்கப் போனதற்குக் கரண்டியால் அடி விழுந்தது.

பங்குனியில் பையன் பிறந்தான். ஏழு வருஷம் காத்திருந்தவனின் சந்தோஷத்தை எழுத எனக்குத் திறமை போதாது. விரல்களை எண்ணினேன், இருபது சரியாக இருந்தது. தீட்டுக் கழித்த அன்று காலையில் அக்கா ஒட்டுமெத்தையைக் கூடத்தில் விரித்து, கற்பூரம் காட்டி, பையனை அதன்மேல் படுக்க வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். வெயில் அந்த வருஷம் முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. பையனுக்கு வேர்த்தது. அவன் தன் பங்குக்கு மெத்தையை இரண்டு தடவை நனைத்தான். உள்ளே இருந்த வேட்டி எல்லாவற்றையும் குடித்துக்கொண்டது, அதனால் யாரும் கவனிக்கவில்லை.

மத்தியானம் பால் கொடுக்க அவனைத் தூக்கிய என் மனைவி கத்திவிட்டாள். பையனின் முதுகு, தொடை, பிடரி எல்லாம் சிவந்திருந்தது.

அக்கா ஒரே பார்வையில் கைகூப்பிவிட்டாள். "அம்மா வந்துட்டா. அவ புடவை மேல படுக்க வெச்சேன், அவளே வந்துட்டா."

பிறந்து இரண்டு வாரம் ஆகாத குழந்தைக்கு அம்மை. சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் புறப்பட்டேன். அம்மா வந்திருக்கும்போது ஊசி போடக் கூடாது என்று அக்கா வாசலில் குறுக்கே நின்றாள். அவள் கையில் அதற்குள் வேப்பிலைக் கொத்து இருந்தது. அடுப்பில் தாளிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டிருந்தாள். மனைவி பையனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை நான் மறுபடி பார்க்க விரும்பமாட்டேன்.

"குடு, பாக்கறேன்" என்றேன். எத்தனை கொப்புளம் என்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லலாமே என்று எண்ணப்போனேன். எண்ண முடியவில்லை, ஏனென்றால் கொப்புளமே இல்லை. வெறும் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு ஓரம் இருந்தது. ஓரம் நேராக இருந்தது. நேராகப் போய்த் திரும்பியது. திரும்பிய இடம் செங்கோணம். எனக்கு மூச்சு வந்தது.

"அக்கா, அம்மைக்கு மூலை உண்டா?"

"இன்னாடா உளர்ற?"

"இங்க பாரு. இது சதுரம். பக்கத்துல ஒரு சதுரம் சும்மா இருக்குது. அதுக்குப் பக்கத்துல மறுபடியும் சிவப்பு. என் படம் இது! ரெண்டாவது வரிசை!"

வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து ஒரு சதுரத்தை மெதுவாகத் துடைத்தேன். கைக்குட்டை சிவந்தது, பையன் வெளுத்தான். அவனுக்குக் கூச்சமோ என்னவோ, முதுகை வளைத்துக்கொண்டு ஒரு முனகல் முனகினான். என் மனைவி அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, இரண்டும் ஒரே சத்தமாக வந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். ஏழு வருஷ வேண்டுதல். என்ன சொல்வாளோ என்று பயமாக இருந்தது. அவள் கைக்குட்டையை வாங்கிப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள், அதிலிருந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வேப்பிலைக் கொத்தால் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"துவைக்கலாமா வேணாமான்னு நீயும் நானும் அடிச்சிக்கினோம். இவன் கேட்டானா யாரையாவது? பொறந்தவுடனே அம்மாவுக்கு அபிஷேகமே பண்ணிட்டான் பாரு! எடுறா வாளிய."

"நனைக்கலாமா?"

"இனிமே நனைக்க இன்னா இருக்குது?"

கிணற்றடியில் அக்காவே அலசினாள். நான் தண்ணீர் இறைத்தேன். ஒவ்வொரு வாளியையும் செம்பருத்திக்கு ஊற்றினோம். பதினோராவது வாளி வரை சிவப்பு, பன்னிரண்டில் ரோஜா நிறம், பதிமூன்றில் தெளிந்தது. எங்கள் இருவரின் கையும் முழங்கை வரை மருதாணி வைத்த மாதிரி இருந்தது. தையற்காரர் எட்டிப் பார்த்து, "சார், இது ஜாஸ்தி வகை" என்றார்.

காய்ந்தபின் வேறொரு வேடிக்கை. நான் முன்பே துவைத்திருந்த முப்பத்தேழும் அளவு மாறவில்லை. நனைக்காமல் தைத்த நாற்பத்துநாலும் சுருங்கின. சிவப்பு இழுத்த இழுப்பில் நடுநடுவே மற்றவை எல்லாம் பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றன. என் மனைவி அதைப் பார்த்து முகம் சுளித்தாள். பையனுக்கு அதுதான் பிடித்தது. உப்பலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான்.

மூன்று வருஷம் கழித்து மகள் வயிற்றில் இருந்தபோது, ஆடி ஏலம் முடிந்து அக்கா ஒரு பச்சைப் புடவையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியிலேயே நின்று குரல் கொடுத்தாள்.

"டேய், வாளி எங்கடா? வெட்டறதுக்கு முன்னாடி முழுசா நனைச்சிடணும். சாமிக்கும் குளிக்கணும்னு இருக்கும்ல?"

நான் வாளியைத் தேடி உள்ளே ஓடினேன். என் மனைவி எனக்கு முன்பே எழுந்து போய், தையற்கடைத் துண்டுகள் இருந்த தகர டப்பாவை என் கைக்கு எட்டாத பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.