புகையில் காய்ந்த வெள்ளைச் சட்டை

கொரோனா ஓய்ந்து பள்ளிகள் முழுமையாகத் திறந்த ஆண்டின் ஜூலை மாதம் அது. நாள்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நிச்சயமில்லாத எதையும் எழுதுவதில்லை. குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சபைப் பள்ளியில் அப்போது மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுக் கட்டடம், ஒட்டினாற்போல் ஆலயம். புதன்கிழமை காலையில் பிள்ளைகள் எல்லோரும் ஆலயத்துக்குள் போய் ஜெபித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வரவேண்டும். அதனால் புதன் என்றால் மேலிருந்து கீழ்வரை வெள்ளை. பெண்பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்த இரட்டைச் சடை, கறுப்பு ரிப்பன். ஆண்பிள்ளைகளுக்குக் காதைத் தொடாத முடி. நகம், காலர், குதிகால் எல்லாம் பார்க்கப்படும்.

பார்ப்பவர் தலைமையாசிரியை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் ஆலயப் படியில் நிற்பார். பிரம்பைத் தொடக்கூடாது என்று சுற்றறிக்கை வந்த வாரமே மர ஸ்கேலுக்கு மாறியிருந்தார். ஸ்கேலின் அகலப் பக்கம் உள்ளங்கையில் விழுந்தால் எச்சரிக்கை. விளிம்பு விரல்முட்டியில் விழுந்தால் தண்டனை. முதல் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும்.

நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வளைகுடாவுக்குப் போன அப்பாவிடமிருந்து பேச்சு நின்று வெகுநாளாகியிருந்தது. தோட்டத்துப் புகைப்புரையை ஒட்டிய ஒற்றை அறையில் இருவரும் இருந்தார்கள். ரப்பர் பாலை உறைய வைத்து உருளையில் அடித்த ஷீட்டுகளை விறகுப் புகையில் உலர்த்தும் இடம் அது. எங்கள் பக்கத்து ஜூலை மழையில் துவைத்த துணி காய்வது நடக்காத காரியம். புகைப்புரை பக்கத்தில் இருப்பவர்கள் ஷீட்டுகளுக்கு இடையே ஒரு கயிறு கட்டித் துணியையும் போட்டுவிடுவார்கள். காலையில் மொறமொறவென்று காய்ந்திருக்கும். மற்ற நாள்களின் நீலச் சீருடையில் ஒன்றும் தெரியாது. வாடை மட்டும் வரும். வெள்ளையில் எல்லாம் தெரியும்.

மாதத்தின் முதல் புதனில் அந்தப் பெண் வெளியே நிறுத்தப்பட்டாள். இரண்டாவது புதனில் விளிம்படி வாங்கினாள்.

"ஏட்டி, இதுக்குப் பேரு வெள்ளையா? சாயா அரிக்கிற துணி மாதிரி இருக்கு. ஆண்டவர் சந்நிதிக்கு இதையா போட்டுட்டு வருவ?" என்றார் தலைமையாசிரியை. "அடுத்த புதனும் இப்படி வந்தா டி.சி.யக் கிழிச்சுக் கையில தந்துருவேன். அம்மைட்ட போய்ச் சொல்லு."

டி.சி. என்றால் அவளுக்குப் படிப்பு அத்தோடு முடிந்தது. அடுத்த பள்ளிக்குப் போகும் ஒரே பஸ், அம்மா பால் வெட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கும் நேரத்தில் கிளம்பிவிடும். கொரோனாவில் விட்ட படிப்பையே அவள் அப்போதுதான் எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசை வீடுகளில் படிப்பை நிறுத்திய பெண்கள் எல்லோரும் இப்போது வாளியோடு தோட்டத்துக்குள் போகிறார்கள்.

இந்த மாவட்டத்தின் பழைய சபை வரலாறுகளை விடாமல் வாசித்தவன் நான். மார்பை மறைத்து மேல்சீலை போட்டதற்காகப் பெண்களைச் சந்தையில் இழுத்துப்போட்டு அடித்த கதை அவற்றில் வருகிறது. அன்று அடி வாங்கியவர்களின் வாரிசுகள்தான் எங்கள் சபை. சீலையை உடுக்க வைத்தவர்கள் அதன் நிறத்துக்காக அடிக்கத் தொடங்கியது எப்போது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மூன்றாவது புதனுக்கு அந்த அம்மா பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்திருக்கிறார். பிறகும் மழைதான்; பிறகும் புகைப்புரைதான். சட்டை நூல் நூலாக இற்றுப்போய், மஞ்சள் திட்டுத் திட்டாக வந்தது. படியில் தலைமையாசிரியை ஸ்கேலை விளிம்பாகத் திருப்பினார். பெண் கையை நீட்டினாள், அடி இறங்கும்போது பயந்து இழுத்துக் குனிந்தாள். ஸ்கேல் புருவத்துக்கு மேலே விழுந்தது. தோல் வாய்போலத் திறந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் அழவில்லை. "டி.சி. வேண்டாம் டீச்சர்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கைக்குட்டையை வைத்து அழுத்தினேன். அது நனைந்ததும் என் சட்டை நுனியை வைத்தேன்.

வாசலில் நின்ற யாரோ தோட்டத்துக்கு ஓடியிருக்கவேண்டும். ஜெபம் முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் நேரம் அம்மா வந்துவிட்டார். தலையில் பிளாஸ்டிக் சாக்கு, இடுப்பில் வெட்டுக் கத்தி, கையில் நீலக் கேன். மகளைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார்.

"எனக்க பிள்ளைய என்னத்துக்கு அடிச்சீங்க?"

"நான் கைக்குத்தான் அடிச்சேன். அவ குனிஞ்சா."

"மழைக்கு நான் என்ன செய்ய டீச்சரே? வெயில எங்க போய் வாங்க?"

"ஊர்ல எல்லா வீட்டிலயுந்தான் மழை. மத்த பிள்ளைய எல்லாம் வெள்ளையாத்தான வருது."

அம்மா கேனின் மூடியைத் திருகி, உள்ளே இருந்ததைத் தலைமையாசிரியையின் தலையோடு வீசினார்.

பாலை உறைய வைக்கும் ஆசிட் எங்கள் ஊரில் நீலக் கேனில்தான் வரும். காலியான கேனில் பால் சுமப்பதும் வழக்கம்தான். எல்லோருக்கும் இரண்டும் தெரியும். ஆனால் அந்த நொடியில் ஒருவர், அவரும் ரப்பர் கடை வைத்திருப்பவர், "ஆசிட்டு, ஆசிட்ட ஊத்திட்டா" என்று கத்தினார். தலைமையாசிரியை முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகளைக் கொண்டுவிட வந்து மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் அத்தனை பேரும் அந்த அம்மாமேல் விழுந்தார்கள். முடியைப் பிடித்துப் படியில் இழுத்தார்கள். குடையால் அடித்தார்கள். கீழே கிடந்தவரின் கையை ஒருவர் செருப்புக்காலால் மிதித்தபோது, காய்ந்த கம்பு முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. நான் இடையில் படுத்து மறைத்தேன். என் காதிலும் முதுகிலும் விழுந்தது. ஓடிவந்த பெண்ணை யாரோ தள்ளிவிட, அவள் எழுந்து வந்து அந்த ஆளின் தொடையைக் கடித்தாள். அவர் அறைந்தார், அவள் பல்லை விடவில்லை.

"இது பாலு," என்றார் தலைமையாசிரியை. யாருக்கும் கேட்கவில்லை. அவர் எழுந்து நின்று, வெள்ளையாக வடியும் முகத்தோடு கூட்டத்துக்குள் வந்தார். "எரியல்ல. பாலுதான் இது. விடுங்கலே அவள. விடுங்க."

அடித்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். குடையைத் தேடி எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

இருந்தது ஒரே ஆட்டோ. பின்னால் தலைமையாசிரியை, அம்மா, நடுவில் பெண். முன்னால் டிரைவரோடு நான். தலைமையாசிரியையின் முடியில் பால் உறைந்து கட்டியாக இறுகிக்கொண்டிருந்தது. அம்மா முறிந்த கையை மடியில் வைத்திருந்தார். வழியெல்லாம் மழை. பாதி தூரம் போனபிறகு தலைமையாசிரியை கேட்டார்:

"போலீஸ்ல சொல்லுவியா?"

"நீங்க டி.சி. குடுப்பீங்களா?"

டிரைவர் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். ஆட்டோ ஒரு பாலத்தைத் தாண்டியது.

"குடுக்கமாட்டேன்."

"பின்ன நான் வழுக்கி விழுந்தேன்."

"நெத்தி?"

"அவளும் எனக்ககூட விழுந்தா."

ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார்கள். பெண்ணின் புருவத்தில் தையல் போட்டார்கள். அம்மாவின் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு. தலைமையாசிரியையின் முடியை நர்ஸ் தேங்காயெண்ணெய் ஊற்றிப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒட்ட வெட்டுவதைத் தவிர வழியில்லை என்றார். மிதித்தவர் யார் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகும் அவர் ஞாயிறுதோறும் காணிக்கைப் பை எடுத்தார்.

அடுத்த புதனில் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு தலைமையாசிரியை படியில் நின்றார். கையில் ஒன்றுமில்லை. சபையின் பெண்கள் ஐக்கியத்தார் வாங்கிக்கொடுத்த புதுச் சட்டையில் அந்தப் பெண் வரிசையில் நின்றாள். பின்னால் இருந்து இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மெதுவாக, "ஆசிட்டுக்காரிக்க மோளு," என்றான். அவள் திரும்பி அவன் வாயில் குத்தினாள். பல் ஒன்று தெறித்தது. ரத்தம் அவன் தாடையிலும் அவளுடைய புதுச் சட்டையிலும் வழிந்தது.

வரிசை உறைந்தது. அவள் ஓடவில்லை, தலைமையாசிரியையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து என்ன வரும் என்று எனக்கும் தெரியவில்லை.

தலைமையாசிரியை இறங்கி வந்து பையனின் வாயைத் திறந்து பார்த்தார்.

"விழப்போற பல்லுதானலே இது. போய் வாயக் கழுவு."

பிறகு அந்தப் பெண்ணின் சட்டையைப் பார்த்தார்.

"நீ உள்ள போ," என்றார். "அடுத்த ஆளு வா."

அவள் ரத்தக்கறையோடு ஆலயத்துக்குள் போய் ஜெபத்தில் நின்றாள். அந்தப் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்பை முடித்தாள். அம்மாவின் மணிக்கட்டு நேராகக் கூடவில்லை. பால் வெட்ட முடியாமல், இப்போது ஒரு கையால் ஷீட் அடிக்கும் உருளையைச் சுற்றும் வேலை பார்க்கிறார்.