வணக்கம் சொன்னதும் எகிறிய அலை

சில வருடங்களுக்கு முன், புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கடைசி வருடம் படித்தபோது நடந்தது. நான் ஆலங்குடிக்காரி, என் புராஜெக்ட் தோழி கறம்பக்குடிக்காரி. மற்றவர்கள் ரோபோ, சோலார் என்று போக, நான்தான் வீம்புக்கு 'நெகட்டிவ் கெப்பாசிட்டர்' என்று அவளையும் இழுத்துவிட்டேன்.

சாதாரணக் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் ஏற ஏற வோல்டேஜும் ஏறும். இதில் இறங்கும். கடையில் கிடைக்காது, ஆம்ப்ளிஃபயரை வைத்து நாமேதான் செய்யவேண்டும். நீளமான கேபிளில் தானாகவே கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் குணம், இருந்து சிக்னலை மழுங்கடிக்கும். நெகட்டிவைச் சேர்த்தால் அது கழிந்துவிடும். இம்மி கூடுதலாகக் கழித்தாலோ, போச்சு, சர்க்யூட் தறிகெட்டு ஓடும்.

எங்களுடையது சமர்த்தாக ஓடியது. ஒரு வயர் ஆடிக்கொண்டே இருந்ததால் தோழி அதை விரலால் பிடித்துக்கொள்வாள். நான் சர்க்யூட்டில் இருந்த திருகைத் திருப்பி நெகட்டிவின் அளவைச் சரிசெய்வேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாள். தேறினால்தான் எனக்குத் திருச்சியில் கிடைத்த வேலை நிலைக்கும். சிக்னலைக் காட்டும் ஆஸிலாஸ்கோப் திரையில் அலை அழகாக ஓடிக்கொண்டிருக்க, வெளிக்கல்லூரி எக்ஸாமினர் உள்ளே வந்தார். தோழி மரியாதையாக இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் சார்" என்றாள். அவ்வளவுதான்! அலை எகிறிப் போய் உச்சியில் ஒட்டிக்கொண்டது.

"வயரப் புடிடீ!" என்று பல்லைக் கடித்தேன். பிடித்தாள், அலை திரும்பி வந்தது.

எக்ஸாமினர் விடவில்லை. "இன்னொரு தடவ வணக்கம் சொல்லும்மா" என்றார். பாவம், சொன்னாள். மறுபடியும் எகிறியது. "ஏன் இப்படி ஆவுது?" என்று என் பக்கம் திரும்பினார்.

லூஸ் கனெக்‌ஷன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்படியென்றால் அலை செத்துப்போகுமே, ஏன் எகிறுகிறது? அப்போதுதான் உறைத்தது.

"சார், மனுஷ ஒடம்புக்கும் கெப்பாசிட்டன்ஸ் உண்டுங்க. அவ புடிச்சிருக்கப்பவே, அவளோடதையும் சேத்துக் கழிக்கிற மாதிரி நான் செட் பண்ணிட்டேன். கைய எடுத்ததும் நெகட்டிவ் கூடிப்போயிருதுங்க!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நெசமாவே நெகட்டிவ்தான் செஞ்சிருக்கீங்க!" என்றார். திருகைக் கொஞ்சம் குறைத்தேன். தோழி கையை எடுத்தாள். அலை எகிறாமல் நின்று விளையாடியது.

"வேலை முடிஞ்சதும் என்னையக் கழட்டி விட்டுட்டியேடி" என்று காதோரம் கிண்டலடித்தாள். இருவருமே தேறினோம், எனக்கு வேலையும் நிலைத்தது. இன்றைக்கும் ஏதாவது காரியம் என் கெட்டிக்காரத்தனத்தால் நன்றாக நடக்கிறது என்று தோன்றினால், பக்கத்தில் யார் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.