சொட்டுகூடச் சிந்தவில்லை

ஸ்பெயினில் படிக்கப்போனபோது நான் தங்கிய வீட்டில் முதல் நாளே ஒரு நல்ல காரியம் செய்தேன். வீட்டுப் பெரியவர் ஷூவோடு கூடத்தில் நடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் மதியம் தூங்கும்போது அந்த ஷூவை எடுத்துப்போய், வாசலுக்கு வெளியே, மாடிப்படி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தேன். கள்ளக்குறிச்சியில் எல்லார் வீட்டிலும் செருப்பு அங்கேதானே கிடக்கும். அவர் எழுந்து வந்தபோது ஷூ இல்லை. யாரோ நல்லவன் எடுத்துப்போயிருந்தான்.

பெரியவர், வீட்டுக்காரம்மாவின் அப்பா. வீடு அவருடையது. வீட்டுக்காரம்மா சங்கடத்தோடு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்கிறார் அப்பா. அதற்குப் பிறகு உன்னை வைத்துக்கொள்வதா என்று சொல்வாராம்."

எனக்கு இதை விட்டால் வேறு இடம் கிடையாது, படிப்பை விட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஆயிரம் சந்தேகம். "அந்த ஊர்ல எல்லாரும் குடிப்பாங்களாமே. நீ வாயில வச்சன்னு தெரிஞ்சுது, அடுத்த பிளைட்டுல வூட்டுக்கு வந்து நிக்கணும்" என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருந்தாள்.

ஞாயிறு வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பிட வந்தார்கள். பார்க்க வேண்டும் என்று அம்மா அடம்பிடித்ததால், வீடியோ காலில் அவளை ரொட்டிக் கூடை மேல் சாய்த்து வைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் பெரியவர் ஒரு குடுவையைக் கொண்டுவந்தார். நம் ஊர் கெண்டியைக் கண்ணாடியில் செய்த மாதிரி, நீளமான மூக்கு. உள்ளே சிவப்பு ஒயின். வாய் வைக்காமல் கையைத் தூக்கி ஊற்றிக்கொள்ள வேண்டுமாம். புதிதாக வருகிறவர்கள் சட்டையை நனைத்துக்கொள்வார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். பெரியவர் என் வெள்ளைச் சுடிதாரைப் பார்த்துவிட்டுக் குடுவையை நீட்டினார். அந்தக் கண்ணில் ஷூ தெரிந்தது.

சத்தியம் நினைவுக்கு வந்தது. இந்த வீட்டில் என் அறையும் நினைவுக்கு வந்தது. அறை ஜெயித்தது.

பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் சொம்பில் வாய் வைத்தால் முதுகில் விழும். வெள்ளிமலை பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதே பாட்டிலை அண்ணாந்து குடித்து வளர்ந்தவள் நான். இங்கே நாற்காலி ஆடக்கூட இல்லை. கையை முழுக்க நீட்டிக் குடித்தேன். சொட்டுகூடச் சிந்தவில்லை. உள்ளே போனது புளித்த காடி மாதிரி இருந்தது, அது வேறு விஷயம்.

பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்று, என்னைவிட உயரத்தில் பிடித்து ஊற்றினார். காதில் கொஞ்சம், காலரில் கொஞ்சம், மீதி எல்லாம் சட்டையில். ஒரு கணம் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். மகளிடம் ஏதோ சொல்லிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தார்.

"நீ இங்கேயே இருக்கலாமாம்" என்றார் வீட்டுக்காரம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் ரொட்டிக் கூடையிலிருந்து குரல் வந்தது.

"இன்னாடி அது, செவப்பா?"

"திராட்ச ஜூஸும்மா."

அம்மா போனுக்குள்ளிருந்து பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜூஸக் குடிச்சிட்டா அந்தப் பெரியவரு இப்படி ஆடிக்கினு இருக்காரு?"

நான் குடுவையை மெல்ல ரொட்டிக் கூடைக்குப் பின்னால் நகர்த்தினேன்.

"சரி, இருந்து படிச்சிட்டு வா" என்றாள். "ஜூஸு மட்டும் இனிமே வேணாம்."