பொன்னுரங்கம் நலமாக இருக்கிறார்

பொழிச்சலூரில் எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள், ஒரு சங்கம். தலைவர் ராஜாராமன் பேசுவார். எழுதுவதெல்லாம் செயலாளர் மெட்டில்டா அக்கா. தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் மனுப் பிரிவில் வேலை பார்த்தவர். எந்த மனு மேலே போகும், எது பஜ்ஜி மடிக்கப் போகும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்.

"அழுது எழுதினா எந்த ஆபீசரும் படிக்க மாட்டார். எத்தனை மணி, எத்தனை பேர், எந்த இடம்னு எழுதணும். அவர் எழுந்து போய்ப் பார்த்தா அது அங்கே இருக்கணும்" என்பார். தன் எழுத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

2004 ஜூனில் ராஜாராமன் சாருக்கு மீன் வாடை திடீரென்று பொறுக்க முடியாமல் போயிற்று. தலைக்கு மேல் விமானம் போகும்போது பாத்திரமெல்லாம் ஆடும், அதைப் பொறுத்துக்கொள்வார். கேட் ஓரத்தில் மீன் கூடையோடு உட்காரும் கிளியம்மாளைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஒரு சர்க்குலர் போடுங்க மேடம்" என்றார்.

மெட்டில்டா அக்கா போட்டார். வாடை என்ற சொல்லே அதில் இல்லை. 'காலை ஆறரை முதல் எட்டேகால் வரை கேட் அருகே பூனைகள் ஒன்பது. ஸ்கூல் வேனில் ஏறப்போன குழந்தைகள் செதிலில் வழுக்கியது இரண்டு தடவை.' அவ்வளவுதான். இருபத்து நான்கு வீடும் கையெழுத்துப் போட்டது. என் வீட்டு அடுப்பில் அவள் கொடுத்த சங்கரா மீன் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நானும் போட்டேன். படித்தபோது அவ்வளவு நியாயமாக இருந்தது.

மறுநாள் கூடை இல்லை.

கிளியம்மாள் சும்மா இருக்கவில்லை. கானத்தூர் குப்பத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் வருகிறவள். பத்து வருஷ வாடிக்கையை விட்டுவிட்டு வேறெங்கே போய் உட்காருவாள்? யாரோ ஒருவரிடம் சங்கத்துக்கு மனு எழுதி வாங்கினாள். அந்த ஆள் மனு என்றாலே வழக்கமாகப் போடும் வரியைப் போட்டுவிட்டார்: 'கணவனை இழந்த ஏழை அபலையாகிய நான்...'

ராஜாராமன் அதைக் கூட்டத்தில் உருக்கமாகத்தான் வாசித்தார். வாசித்துக்கொண்டே பால்கனிப் பக்கம் திரும்பினார். இறந்துபோன கணவர் பொன்னுரங்கம் எதிர் டீக்கடையில் மொபெட்டில் சாய்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். கூட்டமே சிரித்தது. மனு மடிக்கப்பட்டது.

அடுத்த நாள் கிளியம்மாள் நேராக மெட்டில்டா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன், அதற்காக வெட்கப்படவில்லை.

"அக்கா, நீ எய்துன காயிதம்தான் என்னைத் தொரத்திச்சு. வாட்ச்மேன் சொன்னான். இன்னொருத்தன் எய்துனது எம் புருசனையே சாவடிச்சிடுச்சு. அதே கையால நீயே ஒண்ணு எய்து."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு பேனா எடுத்தார். "பூனை வருதா, இல்லையா?"

"வருது. மீன் கீற எடத்துக்குப் பூனை வராம யான வருமா?"

"செதில்?"

"கீது. ரெண்டு பக்கெட்டு தண்ணி ஊத்திக் கய்விட்டுப் போறேன். வேன் எப்போ வருது?"

"ஏழே முக்காலுக்கு."

"அப்போ ஏயரைக்கே கூடையோட எய்ந்துக்கறேன், போ."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மெட்டில்டா அக்காவே எழுந்து கிளியம்மாளின் புது மனுவை வாசித்தார். 'மீன் நாறும். பூனை வரும். முந்தைய சர்க்குலரில் இருப்பது உண்மை. என் கணவர் பொன்னுரங்கம் நலமாக இருக்கிறார். முந்தைய மனுவில் இருப்பது பொய். ஏழரைக்குள் கழுவிவிட்டு எழுந்துவிடுவேன். ஒரு நாள் தவறினாலும் மறுநாள் வர மாட்டேன்.'

ராஜாராமன் கிண்டலாகக் கேட்டார்: "மேடம், துரத்தினதும் உங்க எழுத்து, கூப்பிடறதும் உங்க எழுத்து. நாங்க எதை நம்பறது?"

"இன்னும் ஒரு வரி இருக்கு சார்" என்று அக்கா தொடர்ந்தார். 'இரண்டையும் எழுதியவள் நானே. வாரத்தில் மூன்று நாள் கிளியம்மாளிடம் மீன் வாங்குகிறவள். சர்க்குலரில் அதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இப்படிக்கு மெட்டில்டா.'

பிறகு ராஜாராமனின் மனைவி சரளா மெதுவாகக் கையைத் தூக்கினார். "நம்ம வீட்லயும் வாங்கறோம். செவ்வாய்க்கிழமை, வாட்ச்மேனை விட்டு."

தலைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைக் குழம்பை அவர் எத்தனை தடவை புகழ்ந்திருக்கிறாரோ! அதன்பின் கைகள் வரிசையாக எழுந்தன. மூன்று பேர் தூக்கிய பிறகு நானும் தூக்கினேன்.

திங்கட்கிழமை ஆறரைக்குக் கூடை வந்துவிட்டது. பொன்னுரங்கம் மனுவை ஒரு நகல் கேட்டு வாங்கி, லேமினேட் செய்து மொபெட் பெட்டியில் வைத்துக்கொண்டார். தான் நலமாக இருப்பதை யாரும் இதுவரை எழுதிக் கொடுத்ததில்லை என்றார். மெட்டில்டா அக்கா அன்று பையோடு எல்லாருக்கும் முன்னால் போய் நின்று, எல்லார் காதிலும் விழும்படி ஒரு கிலோ நெத்திலி கேட்டார்.