பெரியப்பா கெடுத்த வெளிநடப்பு

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கிவிட்டால் கள்ளக்குறிச்சியில் நான் தங்கியிருக்கும் அறையில் தொலைக்காட்சி ஓயாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறோம் என்ற சாக்கில் நண்பர்கள் எல்லோரும் விவாதம் பார்ப்போம். ஒரு தலைவர் எழுந்து கத்துவார். எதிர் வரிசை மேசையைத் தட்டும். உட்காரச் சொல்லிச் சொல்லியே அவைத் தலைவருக்குத் தொண்டை கட்டிவிடும். கடைசியில் ஒரு பக்கம் மொத்தமாக எழுந்து வெளியே போகும். அறையில் சிரிப்பு கிளம்பும். என் கண் மட்டும், போகிறவர்களின் பின்னால் யாராவது எழுந்து போகிறார்களா என்று தேடும். அதற்குள் கேமரா திரும்பிவிடும்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் என் பெரியப்பா.

கல்வராயன் மலையில் எங்கள் ஊர்க்கூட்டம் கோயிலுக்கு முன்னால் உள்ள பாறையில் நடக்கும். பேச்சு முற்றினால் சிலர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவதுண்டு. அதில் தப்பில்லை. ஆனால் போனவர் தானாகத் திரும்பி வரக்கூடாது. அவருக்கு வேண்டியவர்களும் அழைக்கக்கூடாது. யார் எதிர்த்துப் பேசினாரோ அவரே போய்க் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். அதுவரை அந்த வீட்டுக்குக் கூட்டத்தில் இடமில்லை, திருவிழாவில் பங்கில்லை.

நான் எட்டாவது படித்தபோது அப்பா அப்படி எழுந்துவிட்டார். ஊருக்கு வரவிருந்த தார்ச்சாலை எங்கள் மரவள்ளிக் கொல்லையை நடுவில் பிளந்துகொண்டு போகும் என்று பேச்சு. அதுதான் நேர்வழி என்று அடித்துப் பேசியவர் அப்பாவின் சொந்த அண்ணன். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே வாசல்; வாசலின் நடுவில் பொதுவாக ஓர் உரல். அம்மா சாமை குத்த அந்த உரலைத் தொடுவதை விட்டுவிட்டாள். அழைக்கட்டும் என்று அப்பா இருந்தார். தம்பியிடம் மூத்தவன் போய் நிற்பதா என்று பெரியப்பா இருந்தார். திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் மாதிரி நாடாளுமன்றம் வந்தது. நன்றாக நடத்தும் பள்ளியை அடுத்த சுற்றுக்குக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போவார்கள். நான் அதுவரை மலையை விட்டு இறங்கியதில்லை. பெரியப்பா மகன் பிரதமர், நான் எதிர்க்கட்சித் தலைவர். உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த வாத்தியார் தன் கைப்பேசியில் ஒரு விவாதத்தைக் காட்டிப் பழக்கினார்.

“பாத்தீங்களாடா? கத்தணும். காயிதத்தக் கிழிக்கணும். கடசீல வெளிய போய்டணும். அதான் வெளிநடப்பு.”

“வெளிய போனவங்கள யாரு சார் போய்க் கூட்டினு வருவாங்க?”

“யாரும் வர மாட்டாங்க. மறுநாளு அவுங்களே வந்து குந்திக்குவாங்க.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு பெரிய மனிதர்கள், இவ்வளவு வெட்கமில்லாமலா என்று எனக்கு இருந்தது. வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“அவுங்களே வந்துடுவாங்களா?”

“ஆமாம்ப்பா.”

“எப்டிடா முடியுது?” என்று கேட்டுவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார்.

விழா அன்று பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் பெரியப்பா. அப்பா பந்தலுக்குள் வரவில்லை. வெளியே பலாமரத்தைத் தாண்டி, சுற்றுச்சுவர் ஓரமாக நின்றுகொண்டார். எங்கள் மசோதா, மலைக்குச் சாலை போடுவது. அப்பா வீட்டில் திட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் மனப்பாடமாக நான் அவையில் முழங்கினேன். முழங்கால் வரை தொங்கிய வாத்தியாரின் வெள்ளைச் சட்டை வேறு எனக்கு வீரம் கொடுத்தது. கணக்குப் பரீட்சைத் தாளை இரண்டாகக் கிழித்து வீசி, “வெளிநடப்பு செய்கிறோம்!” என்று கத்தினேன். கைதட்டல் எழுந்தது. என் கட்சியோடு போய்ப் பலாமரத்தடியில் நின்றேன். அங்கிருந்தே எனக்குக் கள்ளக்குறிச்சி தெரிந்தது.

அப்போது பெரியப்பா எழுந்தார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக மரத்தடிக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பந்தலில் சிரிப்பு வெடித்தது.

“கோவம் இருக்கும். இல்லன்னு சொல்லல,” என்றார், மைதானமே கேட்கும்படி. “அதுக்குனு வெளியவே நின்னுக்கினு இருப்பாங்களா? உள்ள வா. ரோட்ட ஓரமா ஒதுக்கிப் போட்டுக்கலாம். நான் சொல்றேன், வா.”

“ஐயோ பெரியப்பா, இது நாடகம்! வுடுங்க.”

“ஐயா, அது நடிப்புங்க!” என்று வாத்தியார் மேடையிலிருந்து கூவினார்.

“இருக்கட்டுங்க சார்,” என்றார் பெரியப்பா. பிடியை விடவில்லை. இழுத்துக்கொண்டு போய் மேடையில் உட்கார வைத்தார். என்ன செய்வதென்று தெரியாத பிரதமர் தன் பெஞ்சிலேயே நகர்ந்து எனக்கு இடம் விட்டார். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தேர்வு செய்ய வந்த அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். கள்ளக்குறிச்சிக்கு வேறு பள்ளி போனது.

அழுகையை அடக்கிக்கொண்டு நான் கூட்டத்தைப் பார்த்தபோது, பெரியப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பெரியப்பா பார்வையைத் திருப்பாமல் சுருக்குப் பையை நீட்ட, அப்பா அதிலிருந்து பாக்கு எடுத்துக்கொண்டார். இந்த நேரத்தில் பாக்கு ஒரு கேடா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு நடந்து போகும் வழியில் அப்பாவிடம் பொருமினேன். “உங்க அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியலப்பா. நாடகத்தப் போய் நெசம்னு நெனைச்சிக்கினாரு.”

“ஆமாண்டா,” என்றார் அப்பா. “அவருக்கு இன்னா தெரியும்!” சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது. என்னைத்தான் கேலி செய்கிறார் என்று நினைத்து முன்னால் ஓடினேன். வாசலில் அம்மா உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். பெரியம்மா எதிரில் நின்று மாற்று உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். என் தோல்வி யாருக்குமே ஒரு பொருட்டாக இல்லை.

பெரியப்பாவிடம் நான் பல நாள் பேசவில்லை. சாலை கொல்லையின் ஓரமாகவே வந்தது. அதில்தான் பின்னாளில் பேருந்து ஏறிக் கல்லூரிக்கு இறங்கி வந்தேன். கையெட்டும் தூரத்தில் நின்ற பையனை அழைக்க அவருக்கு ஏன் அவ்வளவு உரத்த குரல் வேண்டியிருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை.